இஞ்சி ரொபி மிஸ்

விமலேஸ்வரி முதலில் கதிரையைத் திருப்பினார். முற்றத்து வேம்பின் கீழ் வீட்டுக்காரி எதிரும் புதிருமாகப் போட்டு வைத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றைத் தூக்கி, இரண்டும் கடலைப் பார்க்கிற மாதிரி அருகருகே வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஓர் இஞ்சி ரொபியை எடுத்து மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார். ரொபியை வாயில் போட்டு இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டார். காகிதத்தை நகத்தால் நீவிப் பைக்குள்ளேயே பத்திரப்படுத்தினார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வீட்டுக்காரரின் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, வலை கனக்கக் கிழிஞ்சுபோச்சுப் போல.”

நிலத்தில் குந்தியிருந்து வலை பொத்திக்கொண்டிருந்த றொனால்ட் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது, உப்பிலும் வெயிலிலும் கறுத்த தோள்கள், மஞ்சள் பாரித்த கண்கள். குடியைப் பற்றிக் கதைக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருகிறது என்று மனைவி கிறேஸ் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். மனிதர் ஒரு வசைமாரிக்குத் தயாராகத்தான் இருந்தார். வலையைப் பற்றிக் கேட்டதும் கிழிசலைத் தூக்கிக் காட்டினார்.

“நண்டு வெட்டிப்போட்டுது, மிஸ்.”

“நண்டு வெட்டினது” என்று விமலேஸ்வரி திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். வேறு யாராவது என்றால் அந்த இடைவெளியில் ஒரு பழமொழியாவது சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பெண்ணை நான் தேடிப் போனதற்குக் காரணம் மாங்குளம் சந்தியில் ஒரு தேநீர்க் கடை. பக்கத்து மேசைக்காரர் தன் தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டி, “எனக்கு இப்ப இதுதான். பதினாலு மாசம். ரொபி மிஸ்ஸாலதான்” என்றார். பதினெட்டு வயதிலிருந்து குடித்தவராம். அந்த மிஸ் அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி” என்றார்.

எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. என் மூத்த அண்ணனும் குடித்தவர். நெளுக்குளத்தில் எங்கள் வீட்டில் பதினெட்டு வருடம் நாங்கள் எல்லோரும் அவருக்குச் சொன்னோம். அம்மா அழுது சொன்னார். மாமா அடித்துச் சொன்னார். நான் படித்தவன் என்பதால் ஈரலின் படம் காட்டிச் சொன்னேன். அவர் போய் இப்போது ஆறு வருடம். இவ்வளவு சொல்லியும் நடக்காத ஒன்று, ஒன்றும் சொல்லாமல் எப்படி நடக்கும்? அதைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

விமலேஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்து நீர்ப்பாசனக் குடியேற்றத்துக்கு வந்து வயல் செய்தவர். மகள் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் உளவளத்துணையாளர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தலைக்கவசத்துக்குக் கீழே துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, சிவப்பு ஸ்கூட்டியில் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கரை வரைக்கும் போவார். குடிப்பவர்களைப் பார்க்கப் போகும் நேரம் ஆளுக்கு ஆள் வேறு. “முதலாவதுக்குப் பிறகு, மூண்டாவதுக்கு முதல். முதலாவதுக்கு முதல் போனால் நடுக்கம், கதைக்கேலாது. மூண்டாவதுக்குப் பிறகு போனால் பாட்டு, நிப்பாட்டேலாது” என்று எனக்கு விளக்கினார். றொனால்ட்டின் நேரம் காலை ஒன்பதரை.

ரொபியின் கதையையும் வழியில்தான் கேட்டேன். மனுஷி கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

“நான் பிறப்பிலேயே வாய்க்காரி. புத்திமதி எனக்கு ஏப்பம் வாறமாதிரி வரும், அடக்கேலாது. இதைப் போட்டால் கொஞ்ச நேரம் வாய் சும்மா கிடக்கும்.”

அப்படி விழுங்கிய புத்திமதிகளின் காகிதங்களை அவர் எறிவதில்லை. அந்தந்த ஆளின் கோப்பில், அந்தந்த நாளின் குறிப்போடு சேர்த்துக் குத்தி வைக்கிறார். புதிதாக வந்த டொக்டர் ஒருவர் இது என்ன என்று கேட்டபோது, “அது நான் சொல்லாமல் விட்டது, சேர்” என்றாராம்.  ரொபியால் இரண்டு கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. பல்லுக்கு ஆகாது, விட்டுவிடலாமே என்று நான் என் வழக்கப்படி சொன்னேன். “மூண்டு தரம் விட்டுப் பாத்தனான் தம்பி. ஏலாமல் போச்சு. அதாலதான் குடிக்கிறவையை எனக்குக் கொஞ்சம் விளங்குது” என்றார்.

வீட்டில் ரொபிக்கு இடமில்லை. பஸ் டிப்போவில் வேலை செய்யும் கணவர் செல்வநாயகம் என்னிடம் தனியாக முறையிட்டார். “ஊருக்கெல்லாம் ரொபி, எனக்கு மட்டும் வாய்.”

அந்த முதல் நாளுக்குத் திரும்புகிறேன். நானும் அங்கே இருந்து பார்த்து எழுதலாமா என்று றொனால்ட்டிடம் முன்பே கேட்கப்பட்டிருந்தது. பெயரை மாற்றினால் சரி என்றார். மாற்றியிருக்கிறேன்.

நண்டைப் பற்றியும் வலையைப் பற்றியும் பத்து நிமிடம் போனது. பிறகு விமலேஸ்வரி, ஏதோ மீன் விலை விசாரிப்பது போல, “அண்ணை, குடியில உங்களுக்கு என்ன நல்லது இருக்கு?” என்று கேட்டார்.

குசினி வாசலில் நின்ற கிறேஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மிஸ், நீங்கள் சாராயத்துக்கு விளம்பரம் செய்யவோ வந்தனீங்கள்?”

றொனால்ட்டுக்கும் அதிர்ச்சிதான். ஆனால் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. முப்பது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அடுக்கிக்கொண்டு போனார். உடம்பு நோவு தெரியாது. கடலுக்குள் குளிர் தெரியாது. கூட்டாளிமார் சேருவார்கள். கடைசியில் குரலைக் குறைத்து, “கண்ணை மூடினால் சத்தம் கேக்கும் மிஸ். ஷெல் சத்தம். குடிச்சால் அது தூரத்தில கேக்கும்” என்றார்.

“கிட்டக் கேக்கிற சத்தம் தூரத்துக்குப் போகும்” என்றார் விமலேஸ்வரி. அதற்கு மேல் தோண்டவில்லை. அந்த மண்ணில் அந்தச் சத்தத்துக்கு விளக்கம் தேவையில்லை.

“கடலுக்குப் போறவன் குடிக்கத்தான் வேணும்” என்றார் றொனால்ட், இப்போது உசாராக.

“குடிக்காமல் கடலுக்குப் போனவை ஒருத்தரும் இல்லை” என்று அவர் சொன்னதையே கொஞ்சம் நீட்டினார் விமலேஸ்வரி.

“அப்பிடிச் சொல்லேலாது. என்ர அப்பர் ஒரு சொட்டு வாயில வைக்கேல்ல. அறுபத்தெட்டு வயசு மட்டும் தொழிலுக்குப் போனவர். நல்ல தொழிலாளி.”

சொல்லி முடித்ததும் மனிதர் திடுக்கிட்டார். நானும்தான். வாதாட வந்தவர் தன்னோடேயே வாதாடித் தோற்றுப்போயிருந்தார். விமலேஸ்வரி வெற்றி கொண்டாடவில்லை. கன்னத்து ரொபியை இடமிருந்து வலத்துக்கு மாற்றியதோடு சரி.

பிறகு அவர் குனிந்து வலையின் மேற்கயிற்றைக் கையில் எடுத்தார். அதில் மிதப்புகள் வரிசையாகக் கோத்திருந்தன. பத்து மிதப்புகளை எண்ணி நிலத்தில் நேராக வைத்தார். “இந்த முதல் மிதப்பு, குடியை விடவே மாட்டன் எண்டுறது. பத்தாவது, இண்டைக்கே விடத் தயார் எண்டுறது. நீங்கள் எதில நிக்கிறியள் அண்ணை?”

றொனால்ட் மூன்றாவது மிதப்பில் பெருவிரலை வைத்தார்.

மூன்றுதானா என்று எனக்கு மனம் விட்டுப்போனது. விமலேஸ்வரியோ தலையை ஆட்டி, “மூண்டு. சரி. ஏன் முதலாவதில நிக்கேல்ல?” என்று கேட்டார்.

ஏன் பத்தில் நிற்கவில்லை என்ற கேள்விக்கு றொனால்ட்டிடம் பதில்கள் கோவை கோவையாக இருந்திருக்கும். இந்தக் கேள்விக்கு ஒன்றுமில்லை. உள்ளே தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. 

“மகள் நிரோசினிக்குப் பிள்ளை பிறந்து நாலு மாசம். என்ர கையில தரமாட்டாள்.”

“தரமாட்டா.”

“அவளில பிழையில்லை மிஸ். குடிக்காட்டி எனக்குக் கை நடுங்கும். பாத்தனீங்கள்தானே, குடிச்சாத்தான் வலை பொத்தலாம். நடுங்கிற கையில பிள்ளையைத் தருவாளோ? சரி, குடிச்சால் நடுங்காது. குடிச்சவன்ர கையில பிள்ளையைத் தருவாளோ?”

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, குழந்தையை ஏந்துகிற மாதிரி வைத்துக் காட்டினார். முதலாவது உள்ளே போயிருந்ததால் கைகள் அசையாமல் நின்றன.  என் அண்ணனிடம் நாங்கள் கேட்டதெல்லாம் “வெட்கமில்லையா?” என்பதுதான், அது கேள்வியே இல்லை என்று அப்போது பட்டது.

அன்றைக்கு விமலேஸ்வரி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. எழும்பும்போது, “அண்ணை, இண்டைக்கே நாளைக்கே எண்டு ஒரேயடியா மட்டும் விட்டுடாதேங்கோ. பேந்து, அடுத்தமுறை வரேக்க கதைப்பம்” என்றார். குடிக்கிறவரிடம் போய் விடாதே என்று கெஞ்சிவிட்டு வருகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். கோப்பில் ஒன்பது காகிதங்கள் குத்தப்பட்டன.

இரண்டாம் தடவை போனது மே மாதக் கடைசியில். சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கதிரைகளைக் கிறேஸ் மறுபடியும் எதிரெதிராகப் போட்டிருந்தார், விமலேஸ்வரி மறுபடியும் திருப்பினார். அன்றைக்குக் கிறேஸிடம் பெரிய செய்தி இருந்தது. ஜூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாள். அன்றைக்குப் புனிதரின் சுரூபம் ஊரைச் சுற்றிவரும்போது, கோயில் வாசலில், ஊர் முழுக்கப் பார்க்க, றொனால்ட் முழங்காலில் நின்று சத்தியம் பண்ணப்போகிறார். அந்த நிமிடத்திலிருந்து ஒரு சொட்டும் இல்லை. அதற்கென்று புது வெள்ளைச் சேட்டும் தைத்தாயிற்று.

எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஊக்கப்படுத்துவோம் என்று, “அண்ணை, நானும் ஒரு விசயம் சொல்லுறன். மனிசனுக்கு மன உறுதி எண்டு ஒண்டு...” என்று தொடங்கினேன். என் மூக்குக்கு நேரே ஓர் இஞ்சி ரொபி வந்து நின்றது. விமலேஸ்வரி என்னைப் பார்க்கக்கூட இல்லை, கை மட்டும் நீண்டிருந்தது. வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நாற்பது வயதில் இப்படி ஒரு மானக்கேடு.

“இதுக்கு முதல் சத்தியம் பண்ணினனீங்களோ அண்ணை?”

“நாலு தரம். முதலாவது மடு மாதா கோயில்ல. ரெண்டாவது இஞ்ச. மூண்டாவது மகளின்ர தலையில கையை வைச்சு. நாலாவது திரும்பவும் அந்தோனியாரிட்ட.”

“ஒவ்வொண்டும் எப்பிடிப் போச்சு?”

றொனால்ட் கதை சொல்லுவதில் கெட்டிக்காரர். மடுச் சத்தியம் இரண்டு கிழமை. அடுத்தது ஐந்து நாள். உடைந்த ஒவ்வொரு தடவையும் வெட்கம் தாங்காமல் முந்தியதை விட அதிகம் குடித்ததைத் தானே சொல்லிச் சிரித்தார். “மூண்டாவது கொஞ்சம் பிழைச்சுப்போச்சு மிஸ். மூண்டாம் நாள் வீட்டு முத்தத்தில விழுந்தனான். கை கால் இழுத்ததாம். நாக்கையும் கடிச்சுப்போட்டன்.”

“அது வெயில்” என்றார் கிறேஸ்.

கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. விமலேஸ்வரி ரொபியைக் கடித்து உடைத்திருந்தார். அவர் கடித்து நான் கண்டதில்லை, எப்போதும் கரைய விடுகிறவர். முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

“அண்ணை, எனக்குத் தெரிஞ்ச விசயம் ஒண்டு இருக்கு. சொல்லட்டோ, வேண்டாமோ?”

“சொல்லுங்கோ.”

“காலமை எழும்பினவுடனேயே குடிக்கத் தேவைப்படுற உடம்பு, ஒரேயடியா நிப்பாட்டினால் ரெண்டாம் மூண்டாம் நாளில வலிப்பு வரும். ஒருக்கா வந்த ஆளுக்குத் திரும்பவும் வரப் பாக்கும். உயிரும் போகலாம். வார்ட்டில பத்து நாள் வைச்சு, மருந்து தந்து, மெல்ல மெல்ல இறக்குவினம்.” மூன்று நான்கு வாக்கியம், அவ்வளவுதான். “இதைக் கேக்க உங்களுக்கு என்ன தோணுது?”

றொனால்ட் பதில் சொல்வதற்குள் கிறேஸ் முற்றத்துக்கே வந்துவிட்டார். “மிஸ், குறை நினையாதேங்கோ. நீங்கள் சைவம். அந்தோனியாரிட வலு உங்களுக்குத் தெரியாது. அவருக்கு முன்னால சொல்லப்போறதை ஏன் தடுக்கிறியள்?”

இது சிக்கலான இடம். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால், சைவக்காரி ஒருத்தி வந்து புனிதரை மறுத்தாள் என்று கரை முழுக்கக் கதை போய்விடும். பிறகு அந்த வீட்டுப் படலை திறக்காது. விமலேஸ்வரி எழுந்து தன் கதிரையைத் தூக்கினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். அவர் அதைக் கிறேஸுக்குப் பக்கத்தில் வைத்தார். கிறேஸை அதில் இருத்தி, தான் கவிழ்த்து வைத்த வாளியில் இருந்துகொண்டார்.

“ஓம் அக்கா. எனக்கு அவற்ற வலு தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ.”

கிறேஸ் சொன்னார். இருபது நிமிடம் சொன்னார். தொலைந்த ஆட்டைக் கண்டுபிடித்துத் தந்ததில் தொடங்கி, கடலுக்குப் போன றொனால்ட் இரண்டு நாள் வராமல் விட்டபோது எரித்த மெழுகுதிரிகள் வழியாக, நான்கு சத்தியங்களுக்கும் தான் இருந்த உபவாசங்கள் வரைக்கும் வந்தார். இடையில் விமலேஸ்வரி, “நாலு தரமும் நீங்களும் சேர்ந்துதான் விழுந்தனீங்கள்” என்று ஒரு வரி சொன்னார். கிறேஸின் முகம் அப்படியே உடைந்தது. “எனக்குக் களைச்சுப்போச்சு மிஸ்” என்றார். றொனால்ட் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனைவி களைத்துப்போயிருக்கிறார் என்பதை, திட்டில்லாமல், அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் சத்தியத்தைக் கைவிடுவதாக இருவரும் சொல்லவில்லை. திருநாளுக்கு இரண்டரைக் கிழமை இருந்தது.

திரும்பும் வழியில், ஒட்டுசுட்டான் தாண்டி ஒரு பெட்டிக்கடையில் ஸ்கூட்டியை நிறுத்தினார். அங்கேதான் ரொபியைக் கடித்ததற்கான காரணத்தைச் சொன்னார்.

“ஒன்பது வருசத்துக்கு முதல், ஜெயபுரத்தில சங்கிலி அண்ணை எண்டு ஒருத்தர். நல்ல வயல்காரன், காலமையிலேயே தொடங்கிற குடி. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, ரெண்டு கிழமைப் பயிற்சிதான். அவரை இருத்தி வைச்சு ஒரு மணித்தியாலம் பேசினன் பாருங்கோ, கல்லும் கரையும். கரைஞ்சுது. அம்மன் கோயில்ல கற்பூரம் கொளுத்தி, அதில அடிச்சுச் சத்தியம் பண்ணினார். நானும் பக்கத்தில நிண்டனான். எனக்குப் பெருமை தாங்கேல்ல.”

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

“மூண்டாம் நாள் அவற்ற மனிசி நாகேஸ்வரி அக்கா போன் எடுத்தவா. ‘மிஸ், உடம்பெல்லாம் நடுங்குது, வயலுக்குள்ள ஆரோ நிக்கினம் எண்டுறார், அம்மன் சோதிக்கிறா எண்டு சனம் சொல்லுது, ஒரு மிடறு குடுக்கட்டோ?’ எண்டு கேட்டவா. நான் என்ன சொன்னன் தெரியுமோ? ‘சாமிக்கு முன்னால குடுத்த சொல்லு அக்கா, விடாதேங்கோ, பொறுத்தால் சரியாப்போகும்.’ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ எண்டு சொல்ல எனக்குத் தெரியேல்ல. அடுத்த நாள் விடிய வலிப்பு. பாதி வழியில முடிஞ்சுது. அவர் குடியால சாகேல்லைத் தம்பி. நான் விடச் சொன்னதால செத்தவர்.”

 அப்போது உங்களுக்குத் தெரியாதுதானே அக்கா என்று தேற்ற வாய் உன்னியது. பழக்கமாகிவிட்டதால் அடக்கிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் சங்கிலியின் திவசத்துக்கு அவர் ஜெயபுரம் போகிறார். நாகேஸ்வரி ஒரு சொல்லும் குறை சொன்னதில்லையாம், இலை போட்டுச் சோறு போடுவாராம். “அது பேச்சு வாங்கிறதை விடக் கஷ்டம்” என்றார். எழும்பும்போது பையைத் திறந்து ஒரு ரொபியை எடுத்தார். பிறகு ஏதோ நினைத்தவராய் அதைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டார்.

மூன்றாம் தடவை போனபோது கோயிலில் கொடிமரத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிறவர் “ஹலோ, ஹலோ” என்று கரை முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றம். றொனால்ட் வீட்டுக் கொடிக்கயிற்றில் அந்த வெள்ளைச் சேட்டு, கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் விமலேஸ்வரி ஸ்கூட்டியை நிறுத்தி, துவாயை அவிழ்க்காமலே கொஞ்ச நேரம் நின்றார். பயந்திருந்தார் என்று அடித்துச் சொல்வேன். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி உத்தரவு போடாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முற்றத்தில் இன்றைக்கு மூன்று கதிரைகள் இருந்தன. மூன்றும் கடலைப் பார்த்தபடி இருந்தன. திருப்ப வேண்டிய வேலை இல்லாததால் அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு ரொபியைப் போட்டுக்கொண்டு, ஓரத்துக் கதிரையில் இருந்தார். கிறேஸ் மறு ஓரத்தில், நடுவில் றொனால்ட். நான் படலைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“மிதப்பு இல்லையோ மிஸ்?” என்று றொனால்ட்டே கேட்டார். வலையை இழுத்துப் பத்து மிதப்புகளை எண்ணி வைத்தார். ஆறாவதில் விரலை வைத்தார்.

“ஆறு” என்றார் விமலேஸ்வரி. “முதல்முறை மூண்டு.”

“மூண்டாம் சத்தியத்தில விழுந்ததை யோசிச்சுக்கொண்டு இருந்தனான். வெயில் எண்டு இவா சொன்னவா. அண்டைக்கு மழை மிஸ். காலமை முழுக்க மழை.”

கிறேஸ் அசைந்தார், ஆனால் மறுக்கவில்லை.

“மழை நாள்” என்றார் விமலேஸ்வரி.

“அப்ப இந்தமுறையும் விழுவன். பிள்ளையைக் கையில வைச்சுக்கொண்டு விழுந்தால்?” அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு கொடிக்கயிற்றில் ஆடிய சேட்டைப் பார்த்தார். “முழங்காலில நிண்டு சொல்லுறது சுகம் மிஸ். நாலு தரம் சொன்னனான், சொல்லி முடிய எல்லாரும் கையைத் தட்டுவினம், எனக்கும் நல்லா இருக்கும். வீட்ட வந்தால் நானும் நடுக்கமும்தான். அந்தோனியார் என்னோட வந்து படுக்கிறாரோ?”

“அப்ப என்ன செய்ய யோசிக்கிறியள்?”

விமலேஸ்வரி இதைக் கேட்ட விதத்தில் ஓர் அவசரமும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் நின்ற எனக்கு மடியில் இருந்த கை தெரிந்தது. சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தது.

றொனால்ட் மிதப்புகளை ஒன்றொன்றாக வலைக்குள் தள்ளினார்.

“திங்கக்கிழமை வார்ட்டுக்கு வாறன்.”

ஒலிபெருக்கி மறுபடியும் “ஹலோ” என்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“சத்தியம் கித்தியம் ஒண்டும் இல்லை. வாறன், அவ்வளவுதான். அங்க பத்து நாள் பாப்பம். பேந்து பிள்ளையின்ர கதையைப் பாப்பம்.”

“திங்கள். வார்ட்டுக்கு” என்றார் விமலேஸ்வரி. குரல் கொஞ்சம் தழுதழுத்தது. “அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் நீங்கள் சொன்னமாதிரித்தான். ஒரேயடியா விடேல்ல. கூட்டவும் இல்லை.”

திங்கட்கிழமையிலிருந்து பத்து நாள் என்றால் திருநாள் வார்ட்டுக்குள்ளேயே வந்து போய்விடும். கிறேஸ் விரல் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. பங்குச் சுவாமியாருக்கும் சொல்லியாயிற்று. சேட்டு அங்கே காய்ந்துகொண்டிருக்கிறது. விரல்கள் பதின்மூன்றுக்கு வந்ததும் நின்றன.

அதை றொனால்ட்டும் கண்டார். “திருநாளுக்கு வெளியில விட்டால் வருவன். விடாட்டி அந்தோனியார் ஒருக்கா வார்ட்டுக்கு வந்திட்டுப் போகட்டும்” என்றார். நக்கல் போலத்தான் சொன்னார், கண்கள் மனைவியின் முகத்தை விட்டு விலகவில்லை.

கிறேஸ் வாயைத் திறந்தார். முப்பது வருடத்துப் பேச்சு அங்கே வந்து நிற்பதைப் பார்த்தேன். அன்றைக்கே சொன்னேனே என்பதும், மானம் போகப்போகிறதே என்பதும், புனிதரோடு விளையாடாதே என்பதும் எல்லாம் உதட்டு வரைக்கும் வந்துவிட்டன. றொனால்ட்டின் தோள்கள் அடி வாங்கப்போகிறவனுடையதைப் போல மெல்ல ஒடுங்கின. விமலேஸ்வரி அசையவில்லை.

கிறேஸ் வாயை மூடினார். கணவரைத் தாண்டி, விமலேஸ்வரியின் பக்கம் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.

விமலேஸ்வரி பைக்குள் கையை விட்டுத் துழாவினார். கடைசி ரொபி அகப்பட்டது. அதை அந்த உள்ளங்கையில் வைத்தார். கிறேஸ் காகிதத்தைப் பிரித்து ரொபியை வாயில் போட்டு, காகிதத்தை மடியில் வைத்து, நகத்தால் ஒரு சுருக்கமும் இல்லாமல் நீவத் தொடங்கினார்.